பழைய மெஷினுக்கும் பில் உண்டு

கோயம்புத்தூர் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறை கணினி இயக்கும் சிஎன்சி மெஷினுக்கு மாறினால், அதுவரை சோறு போட்ட கை லேத் வெளியே வருகிறது. நல்ல நிலையில் இருந்தால் ரீகண்டிஷன் செய்து விற்பவர் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு எடைக்குப் போகும். சென்னையில் கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளிலிருந்தும் இப்படித்தான். பெங்களூருவில் 1953இல் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் லேத்துகளும், ஹரிஹரில் உருவான மைசூர் கிர்லோஸ்கர் லேத்துகளும், ராஜ்கோட், பட்டாலா பக்கம் செய்த எளிய நான்கரை அடி, ஆறடி லேத்துகளும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இவற்றைத் தேடி வருபவர்களில் ஒரு சாரார் தொழில் நடத்துபவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற டர்னர், கார் ஷெட்டில் தொலைநோக்கிக்கு மவுண்ட் செய்ய நினைக்கும் பள்ளி ஆசிரியர், கிடைக்காத உதிரி பாகத்தைத் தானே கடைந்துகொள்ள விரும்பும் பழைய புல்லட் பிரியர், பாலிடெக்னிக் முடித்த இளைஞர். சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் மிச்சம் பிடித்த பணத்தோடு வருகிறார்கள். புது மெஷின் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

அவர்கள் காதில் விழும் வாசகம் எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான்: “செகண்ட் ஹேண்ட் சாமானுங்க. பாத்து எடுத்துக்கோங்க. பில்லு கிடையாதுங்க, ரிட்டர்னும் கிடையாதுங்க.” இதில் பார்த்து எடுக்கச் சொல்வது நியாயம். மற்ற இரண்டும் சட்டத்துக்கு முன் அவ்வளவு எளிதாக நிற்காது. பழைய பொருள் என்பதற்காக வாங்குபவரின் உரிமை முழுவதும் போய்விடுவதில்லை. ஆனால் விற்பவர் சொன்னதை எழுத்தில் வாங்கி வைக்காதவருக்கு அந்த உரிமை பெரும்பாலும் பயன்படுவதில்லை. பொழுதுபோக்குக்காகப் பட்டறை அமைப்பவர்கள் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் யாரை நுகர்வோர் என்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. மெஷின் வாங்கும் தொழிற்சாலை முதலாளி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் முதலில் எழும் ஆட்சேபணை இதுவாகத்தான் இருக்கும். வீட்டில் தன் ஆசைக்காக லேத் வைப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே ஓட்டுபவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஆகவே பில்லில் உங்கள் சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கட்டும். வரி மிச்சமாகுமே என்று நண்பருடைய கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால், நுகர்வோர் என்று நிற்கும் இடத்தை நீங்களே விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும்.

அந்தச் சட்டம் ‘குறைபாடு’ என்று எதைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாமல் போவது குறைபாடு. வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரம் இல்லாமல் போவதும் குறைபாடுதான். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய “கியர் பாக்ஸ் புதுசா மாத்தியிருக்கு” என்ற குரல் பதிவும் இந்த வரையறைக்குள் வரும். பொருளை விற்றுவிட்டு பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் சட்டம் சொல்கிறது. பழைய, புதுப்பித்த சரக்கைப் புதியது என்று விற்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன.

“பில் போட்டால் மொத்த விலைக்கும் ஜிஎஸ்டி ஏறும்” என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய பொருள்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர், வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட ஜிஎஸ்டி விதிகளில் இடம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பில் வாங்குவது சுலபமாகும்.

கடைக்காரராக இல்லாமல், தன் ஒரே லேத்தை விற்கும் தனியாள் என்றால் நிலைமை வேறு. நுகர்வோர் ஆணையத்தில் அவரை வியாபாரி என்று நிறுத்துவது கடினம். அங்கே இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, சரக்கு விற்பனைச் சட்டம், 1930 ஆகிய இரண்டும்தான் துணை. தன் பொருளை விற்கும் உரிமை விற்பவருக்கு இருக்க வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய நிபந்தனை. தெரிந்தே குறையை மூடி மறைப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி மோசடி. விரிசலில் மாவு வைத்து அடைத்து மேலே பச்சைப் பெயின்ட் அடித்தவர், “உள்ளது உள்ளபடி விற்றேன்” என்ற ஒரு வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

மெஷினைப் பார்ப்பதும் சட்டத்தின் பாதிதான்

சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இரண்டு பக்கமும் வெட்டும். குறிப்பிட்ட வகைச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரிப்பை நம்பி வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது எதற்காக வேண்டும் என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது உதவவும் வேண்டும். ஆனால் வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குத் தரத்தைப் பற்றிய அந்த நிபந்தனை பொருந்தாது. லேத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, டீ குடித்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவது மிக மோசமான வழி. பார்த்தவராகவும் ஆவீர்கள், ஒன்றும் தெரியாதவராகவும் இருப்பீர்கள்.

ஆகவே முறையாகப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்த டர்னர் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கையால் சக்கைச் சுற்றிக் காட்டுவது போதாது. ஹெட் ஸ்டாக் சூடேறும் வரை, குறைந்தது 20 நிமிடமாவது ஓடட்டும். எல்லா வேகத்தையும் போட்டுப் பாருங்கள். பல் உடைந்த கியர் அதற்குரிய வேகத்தில் தட்டும். பேரிங் போன ஹெட் சூடானபின் முனகும். கெட்டியான எண்ணெயையோ கிரீஸையோ ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருந்தால், அதுவும் சூடானபின் இளகிக் காட்டிக்கொடுக்கும்.

பெட் எப்போதும் சக்குக்கு அருகில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் சின்ன வேலைகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. கேரேஜைச் சக் பக்கம் கொண்டுபோய், ஆட்டம் இல்லாமல் நகரும் அளவுக்கு அதன் ஸ்ட்ரிப்பை இறுக்கி, பிறகு டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். அங்கே போய் இறுகி நின்றால், இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் தேய்மானம். பளபளவென்று பிறை வடிவக் கீறல்கள் பெட் முழுக்கப் புதிதாக இருந்தால் மயங்க வேண்டாம். அதை அழகுக்காகவும் போடுவார்கள்.

ஸ்பிண்டிலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தபின், ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் பேரிங் ஆட்டம். பல சமயம் அது சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் விலையில் குறைய வேண்டும். கடைசியாக ஒரு தடித்த கம்பியைச் சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக் துணையில்லாமல், மெல்லிய கட் கொடுத்து இரு முனையிலும் மைக்ரோமீட்டரால் அளவெடுங்கள். 100 மி.மீ. நீளத்துக்கு 0.02 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் வீட்டுப் பட்டறைக்குத் தாராளம். அதற்கு மேல் போனாலும் உடனே ஒதுக்க வேண்டாம். லேத் தரையில் முறுக்கிக்கொண்டு நின்றாலும் இப்படித்தான் காட்டும்.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் திருப்பும்போது எத்தனை கோடு வெறுமனே சுற்றுகிறது என்று பாருங்கள். இந்த ஆட்டத்துக்குப் பலரும் பயப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. ஸ்க்ரூவும் நட்டும் மாற்றக் கூடியவை. பெட்டும் ஸ்பிண்டிலும் போனதைத்தான் வீட்டில் இருந்தபடி மீட்க முடியாது. காணாமல் போன மாற்று கியர்கள் அடுத்த செலவு. லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று கேளுங்கள். இன்ச் ஸ்க்ரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். அது கூடவே வருகிறதா என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

லேத்தின் விலையோடு பட்ஜெட் முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களே அதிகம் சிரமப்படுகிறார்கள். நாலு தாடைச் சக், டிரில் சக், சென்டர், டூல்கள், வைஸ், அளவுக் கருவிகள் எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலையை எட்டிப் பிடிக்கும். மெஷினோடு இவை சேர்ந்து வந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் லாபம். வைஸ், அரம், ஸ்பேனர், சுத்தியல் போன்றவற்றைப் பழைய இரும்புக் கடையில் தயங்காமல் வாங்கலாம். வெர்னியரின் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து வாங்கலாம். கிரைண்டிங் வீலை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். அது எங்கே விழுந்தது, எந்த ஈரத்தில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ரெசின் வகை கட்டிங் வீல்களில் நடு வளையத்திலேயே காலாவதி தேதி அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.

யாருடைய பொருள்?

மிக மலிவாகக் கிடைக்கும் மைக்ரோமீட்டரில் ஒரு கம்பெனியின் சொத்து எண் பொறித்திருக்கும், அல்லது அளவுச் சரிபார்ப்பு ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருக்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நல்ல எண்ணத்தோடு வாங்கியவருக்கும் பொருள் தங்காது. காவல்துறை கைப்பற்றலாம், உரிமையாளருக்குத் திரும்பப் போகலாம், உங்கள் பணத்தை விற்றவரிடம் மட்டுமே கேட்க முடியும். விற்றவர் யார் என்று தெரியாவிட்டால் அந்தப் பணம் போனதுதான். சொத்து எண்ணோ அழித்த தடமோ இருந்தால், அந்தக் கம்பெனி ஏலம் விட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். நேர்மையாக வாங்கி விற்பவர்களிடம் அது இருக்கும்.

இதைவிட அமைதியாக வரும் ஆபத்து வங்கிக் கடன். பட்டறை முதலாளி மெஷினை ஈடு காட்டிக் கடன் வாங்கியிருப்பார், மெஷின் அவர் இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். தொழில் படுத்ததும் வங்கிக்குச் சொல்லாமல் விற்றுவிடுவார். வாங்கியவர் வீட்டுக்கு வங்கி ஆள் வரும்போதுதான் விஷயம் தெரியும். பெரிய மெஷின் என்றால், கடன் இல்லை என்றோ கடன் தீர்ந்தது என்றோ வங்கிக் கடிதம் கேளுங்கள். இப்படிப்பட்ட ஈடுகளைப் பதியும் செர்சாய் மையப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி யாரும் தேடிப் பார்க்கலாம். விற்பது கம்பெனி என்றால், அதன் மீதுள்ள கடன் பொறுப்புகளின் பட்டியல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இருக்கும்.

அரசு நிறுவனங்களின் பழைய மெஷின்களை ஏலம் விடும் எம்எஸ்டிசி போன்ற வழிகளில் உரிமை பற்றிய இந்தக் கவலை மிகவும் குறைவு. ஆனால் அங்கே எல்லாம் “இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்”தான். முன்பணம், வரி, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் தண்டம் எல்லாம் நிபந்தனையில் இருக்கும். பார்வை நாளில் போய்ப் பார்க்காமல் ஏலம் கேட்கக் கூடாது.

இணைய விளம்பரங்களில் முன்பணம் கேட்கும் மோசடியும் பெருகியிருக்கிறது. படம் உண்மையானதாக இருக்கும், மெஷின் வேறு யாருடையதாகவோ இருக்கும். “லாரி ஏத்தியாச்சு, பாதிப் பணம் போடுங்க” என்று அவசரப்படுத்துவார்கள். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. பழைய டிரில்லை விற்கப் போனவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் முடக்க வாய்ப்பு அந்த முதல் மணி நேரங்களில்தான் இருக்கிறது.

ஒரு தாள் போதும்

முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம். கடைக்காரர் என்றால் பில். தனியாள் என்றால் கையெழுத்திட்ட ரசீது. அதில் இந்த அளவுக்கு எழுதினால் போதும்: “இன்ன கம்பெனி தயாரித்த, இன்ன வரிசை எண் கொண்ட நான்கரை அடி லேத்தை, இதோடு தரும் சக் இரண்டு, மாற்று கியர்கள் இத்தனை ஆகியவற்றோடு, ரூ. ……க்கு இன்று விற்கிறேன். இது என் சொந்தப் பொருள், இதன் மீது கடனோ வழக்கோ இல்லை. எல்லா வேகத்திலும் ஓடுகிறது, மரை வெட்டுகிறது, வார்ப்பில் ஒட்டுப்போட்ட விரிசல் இல்லை.” கீழே விற்பவரின் கையெழுத்து, முகவரி, அடையாள அட்டையின் எண். கடைசி வாக்கியத்தில் கையெழுத்திட ஒருவர் தயங்கினால், எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். அந்த இடத்தைத்தான் மறுபடி சோதிக்க வேண்டும்.

வரிசை எண் தகட்டையும், மெஷின் ஓடுவதையும், விற்பவர் பேசுவதையும் அவருக்குத் தெரியும்படியே கைபேசியில் படம் பிடியுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், கைபேசியை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தர வேண்டியிருக்கும்.

லாரியில் ஏற்றும்போதும் இந்தத் தாள் வேண்டும். பில் இல்லாமல் வரும் மெஷினை ஜிஎஸ்டி அதிகாரிகள் வழியில் நிறுத்தி வைக்கலாம். பதிவு பெற்ற விற்பனையாளரிடமிருந்து வெளிமாநிலத்தில் வாங்கி மதிப்பு ரூ. 50,000ஐத் தாண்டினாலோ, தமிழ்நாட்டுக்குள் ரூ. 1 லட்சத்தைத் தாண்டினாலோ இ-வே பில் கேட்டு வாங்குங்கள். ஏற்றி இறக்கும் பொறுப்பு யாருடையது, வழியில் உடைந்தால் யார் கணக்கு என்பதையும் ரசீதிலேயே எழுதிவிடுங்கள். லேத்தின் எடை ஹெட் ஸ்டாக் பக்கம் குவிந்திருக்கும், அதுவும் உயரத்தில். நான்கு பேர் சேர்ந்து கடப்பாரையால் நெம்பும்போது அது சாய்ந்தால் பிடிக்க முயலக் கூடாது, விலகிவிட வேண்டும். செயின் பிளாக்கும் பழகிய ஆட்களும் வைத்து இறக்குங்கள்.

கரண்ட்

பட்டறை மெஷின்களின் மோட்டார் பெரும்பாலும் மூன்று ஃபேஸ். பல வீடுகளில் இருப்பது ஒரு ஃபேஸ், 230 வோல்ட். இதற்காகப் புது மோட்டார் வாங்கத் தேவையில்லாமல், விஎஃப்டி என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரு ஃபேஸிலிருந்து மூன்று ஃபேஸ் தரும். நம் நாட்டில் 3 ஹெச்பி வரையுள்ள மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும், அதை டெல்டாவாக மாற்றினால் 230 வோல்டில் ஓடும். ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாற்றுவது உரிமம் பெற்ற மின் பணியாளரின் வேலை.

விஎஃப்டி வேண்டாம், மூன்று ஃபேஸ் இணைப்பே இருக்கிறது என்பவர்கள், ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் வழியாக மட்டும் மெஷினை ஓட்ட வேண்டும். பழைய மெஷின்களில் வெறும் திருப்பு சுவிட்ச் இருக்கும். கரண்ட் போய் நின்ற சக்கில் நீங்கள் கை வைத்திருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தால், அந்த சுவிட்ச் மெஷினை உடனே ஓட்டிவிடும். ஸ்டார்ட்டர் என்றால் பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தும்வரை ஓடாது. மோட்டாரின் காப்பு நிலையை மெகர் வைத்துப் பார்ப்பது, மெஷின் உடலுக்குச் சரியான எர்த், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவற்றுக்கு ஒதுக்கும் பணத்தைச் சக் வாங்க எடுத்துவிடாதீர்கள். விஎஃப்டி போட்டதும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால், அதை எடுத்துவிட்டு நேராக இணைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதற்கேற்ற வகை ஆர்சிசிபியை மாற்றிப் போடுவதுதான் வழி.

உங்களுக்காக மட்டும் கடைந்துகொள்ளும் வரை அது வீட்டு உபயோகம் என்று சொல்ல இடமுண்டு. லோடு கூடினால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அக்கம்பக்கத்தார் கேட்டார்கள் என்று கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால், வீட்டு மின் இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாக மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவு பாயும். கட்டணம் அந்த உபயோகத்துக்குரிய விகிதத்தின் இரு மடங்கு. எப்போதிருந்து என்று கண்டறிய முடியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். முதல் நோட்டீஸுக்கு ஆட்சேபணை தெரிவிக்கலாம். இறுதி உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். இந்த அவஸ்தைக்கு முன்பே இணைப்பின் வகையை மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல்.

குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். இரவில் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

கை, கண், தலைமுடி

தனியாக வேலை செய்பவருக்கு அருகில் சுவிட்சை அணைக்க யாரும் இருக்கமாட்டார்கள். தொழிற்சாலைக்கும் வீட்டுப் பட்டறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அது. ஓடும் லேத்துக்கு அருகில் கையுறை, தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா, துண்டு, மோதிரம், விரித்த முடி எதுவும் இருக்கக் கூடாது. சக் சாவியைக் கையிலிருந்து விடும்போது அது சக்கில் இருக்கக் கூடாது. பழைய கிரைண்டர்களில் மூடியைக் கழற்றி எறிந்திருப்பார்கள். மூடி இல்லாத கிரைண்டரை வாங்குவதானால் அதைச் செய்து மாட்டும் வரை ஓட்ட வேண்டாம். வீலின் மேல் எழுதிய வேகம், மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ரெஸ்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள். புது வீல் மாட்டியதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஓடவிடுங்கள்.

மெக்கானிக்கல் பவர் பிரஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பாதுகாப்பு அமைப்பு கழன்ற பழைய பிரஸ்கள் விரல்களை எடுக்கும். பழைய பெயின்டைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அதில் ஈயம் இருக்கக் கூடும், பொடி மூச்சில் போகும், குழந்தைகள் உள்ள வீட்டில் தரையிலும் படியும். ரசாயன ஸ்ட்ரிப்பர் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து ஈரமாகச் சுரண்டுங்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் வேலை, மெஷினைப் பிரிக்காமல் இருப்பது. குறையைக் கண்டதும் ஃபிட்டரை வைத்துக் கழற்றிப் போட்டுவிட்டால், “நீங்கதான் கெடுத்தீங்க” என்று விற்றவர் சொல்ல வழி பிறக்கும். படம், வீடியோ, தெரிந்தவர் ஒருவரின் எழுத்து மூலமான குறிப்பு. பிறகு தாமதமின்றி விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிராகரிக்கிறேன் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அப்போது திருப்பித் தரும் உரிமை போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதே கடிதம் வாட்ஸ்அப்பிலும். என்ன குறை, அவர் சொன்னது என்ன, என்ன வேண்டும், எத்தனை நாளில் என்று எழுதினால் போதும்.

கடைக்காரர் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரை இருந்தால் அங்கே போகலாம், ரூ. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. புகார்க் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். ராஜ்கோட்டிலிருந்து வாங்கிய மெஷினுக்கு ராஜ்கோட் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெஷினைச் சோதித்துத்தான் குறையை அறிய முடியும் என்றால் ஆணையம் ஆய்வுக்கு அனுப்பும். அதற்காகத்தான் பிரிக்க வேண்டாம் என்பது. சாதாரண புகார் மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்படுவது ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடுதலாக ஆவதுண்டு. பொறுமையும் தேவை.

தனியாள் விற்றது என்றால் உரிமையியல் நீதிமன்றம், ஒப்பந்த மீறலுக்கு மூன்று ஆண்டுக்குள். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துச் சமரசம் பேசுவார்கள். அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது. உதவி எண் 15100. திருட்டுப் பொருளை விற்றது, இல்லாத மெஷினைக் காட்டிப் பணம் பறித்தது போன்றவை ஏமாற்றுக் குற்றங்கள், அவற்றுக்குக் காவல் நிலையம். புகார் கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். பேரிங் ஆட்டம், கியர் சத்தம் போன்ற தகராறுகளுக்குக் காவல் நிலையம் போனால் “சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்புவார்கள், அதில் தவறும் இல்லை.

ஆணையத்திலோ சமரசத்திலோ உட்காரும்போது என்ன வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். மெஷினைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதா, மெஷினை வைத்துக்கொண்டு பழுதுச் செலவை மட்டும் கேட்பதா என்பது பெட்டின் நிலையைப் பொறுத்தது. பெட் நன்றாக இருந்து கியரும் பேரிங்கும் மட்டும் போயிருந்தால், இரண்டு ஃபிட்டர்களிடம் பழுதுக்கான மதிப்பீடு எழுதி வாங்கி அந்தத் தொகையைக் கேட்பதே பலருக்கும் ஏற்றது. திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், மெஷினைக் கொண்டுவந்த லாரி வாடகை, இறக்கிய கூலி, திரும்ப ஏற்றும் செலவு மூன்றையும் கோரிக்கையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ரசீதை இணைத்துக் கொடுங்கள்.